ஆளைப் பார்த்து வாங்கிய ஓட்டு

சென்ற தேர்தலின்போது எங்கள் தெருவில் வாக்காளர் சீட்டு கொடுக்க வந்தவர் கேட்டைத் தட்டவில்லை. மூன்று சீட்டையும் ஒன்றாக மடித்துக் கேட்டுக் கம்பியில் செருகிவிட்டுப் போய்விட்டார். ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து என் மனைவி அதைக் குப்பையில் போடப் போனாள். வாங்கிப் பார்த்தேன். என் பெயர், அவள் பெயர், அம்மா பெயர், எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருந்தும் எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா இருந்திருந்தா இப்படிச் சொருவிட்டுப் போவாங்களா?" என்றேன்.

"எந்த அக்கா?" என்றாள்.

அவளுக்குத் தெரியாது. அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அக்கா தெருவை விட்டுப் போய்விட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை அக்காவைப் பற்றிச் சொன்னேன். முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சேர்த்துத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. கேட்காமல் யார் பெயரையும் எந்தத் தாளிலும் ஏற்றக் கூடாது என்பது அவருடைய கட்சி. கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் அவர் டீச்சர். வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் விழும். மற்றவர்கள் அதை முனகிக்கொண்டே செய்வார்கள். அக்கா செய்த விதம் வேறு. பட்டியலை ஓர் அட்டையில் கிளிப் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி, கேட்டுக்கு வெளியே நின்று, பட்டியலில் இருப்பதுபோலவே முழுப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் வெளியே வந்து முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் பென்சிலில் ஒரு டிக் விழும்.

"அடுப்புல கொழம்பு கெடக்குடி. தெனம் என்னைத்தான் பாக்குறியே" என்பாள் அம்மா உள்ளேயிருந்து.

"நேத்து பாத்தது நேத்தோட போச்சு சித்தி. ஆளப் பாத்தாத்தான் கணக்கு."

அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்று தலையைக் காட்டிவிட்டுப் போவாள். திட்டிக்கொண்டேதான் போவாள். ஆனால் அக்கா வரும் நாள் தெரிந்தால் அன்றைக்கு நல்ல புடவையாகக் கட்டியிருப்பாள்.

ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் அங்கன்வாடிக்கே வந்தார். திருப்பூருக்குக் குடிபோய்விட்ட ஒரு குடும்பத்தின் ஐந்து பெயர்களை எடுக்காமல் விட்டுவிடச் சொன்னார். தேர்தல் அன்றைக்கு வந்துவிடுவார்கள் என்றார். அக்கா ஒரு குழந்தைக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வரட்டுங்க. வந்தா மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க, அன்னிக்கே எழுதிக்கிறேன். இல்லாத ஆள இருக்குன்னு நான் எழுத மாட்டேன்."

அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். அக்கா குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். அத்துடன் பேச்சு முடிந்தது.

இல்லாத ஆளை எழுதாததுபோலவே, இருந்து இல்லாமல் போனவரையும் அவர் சும்மா அடித்துவிட மாட்டார். தெருவில் எந்தச் சாவுக்கும் தவறாமல் வருவார். என் அப்பா இறந்தபோது கடைசிவரை நின்றார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பட்டியலோடு வந்தார். அப்பாவின் பெயர் இருந்த வரியை அம்மாவுக்குக் காட்டி, "எடுத்துடட்டுமா சித்தி?" என்று கேட்டார். அம்மா அந்த வரியைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "எடுத்துடு" என்றாள். அப்பா போனதற்கு அன்றைக்குத்தான் அம்மா நன்றாக அழுதாள் என்று நினைக்கிறேன்.

ஆளைப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற இந்த மனுஷியின் வீட்டில்தான், யாருமே நம்பாத ஒரு வியாதி வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு ஒரே மகள். கணவர் வெகுநாள் முன்பே இறந்துவிட்டார். மகள் சிதம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் நான் போகும் அதே பஸ்ஸில்தான் வருவாள். எனக்கு அங்கே மேலவீதியில் மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடும் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஆலப்பாக்கம் வருவதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியைக் காலி செய்துவிடுகிற பெண். ஒரு ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை என்றால் நிஜமாகவே எழுந்திருக்கவில்லை. தலை வாரிக்கொண்டால் அன்றைக்கு முழுக்கப் படுக்கை. குளித்தால் மூன்று நாள். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் வந்தது. ஒரு டாக்டர் மனசு சம்பந்தப்பட்டது என்றார். இன்னொருவர் கல்யாணம் செய்து வையுங்கள் என்றார். சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள். தெருவில் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நினைத்தோம். நானும் நினைத்தேன். அதை மறைப்பதில் புண்ணியமில்லை.

அந்த நினைப்பை ஒருநாள் பஸ்ஸிலேயே விட்டொழித்தேன். சிதம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேர் சீட்டில் மகளைப் படுக்க வைத்து, தலைக்கு மடித்த சால்வை கொடுத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். நான் எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மகள் முகத்தை மறைத்து ஆட்கள் நின்றுவிடுவார்களாம். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

"சின்னப் பொண்ணு கால நீட்டிக்கினு கெடக்குது, வயசானவன் நிக்கிறேன். என்னம்மா வளத்து வச்சிருக்க?"

"ஒடம்பு முடியலீங்க."

"பாத்தா நல்லாத்தான இருக்குது."

"பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். அதாங்க அவளோட கஷ்டம்" என்றார் அக்கா. சண்டையாகச் சொல்லவில்லை. பட்டியலில் ஒரு வரியை வாசிப்பதுபோலச் சொன்னார். பெரியவர் பின்பக்கம் நகர்ந்துவிட்டார். பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தபோது அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அந்த வலியை யாரும் நடித்துக் காட்ட முடியாது. இறங்கும்போது மகளின் இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அன்றைக்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்.

இந்த மாதிரி நோயை ஆராய்ச்சி செய்யும் சிறு குழு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தது மகள்தான். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம், போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, அவளே தேடினாள். அக்கா தமிழில் நாலு பக்கம் கடிதம் எழுதினார். பதில் வந்தது. மருந்து இன்னும் எங்களிடம் இல்லை, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, இவளைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது வரியை அக்கா எத்தனை பேரிடம் காட்டினார் என்பதற்குக் கணக்கில்லை.

அந்தக் குழுவிடமிருந்தே சில மாதம் கழித்து இன்னொரு கடிதம். ஒரு கம்பெனி தர்மத்துக்கு என்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது. பத்து குழுக்கள் போட்டியில் இருக்கின்றன. இன்டர்நெட்டில் யாருக்கு அதிக ஓட்டோ அவர்களுக்கு முழுப் பணமும் போகும். கிடைத்தால் இரண்டு வருஷம் ஆராய்ச்சி நடக்கும், உங்கள் மகளின் ரத்தத்தையும் அதில் சேர்த்துக்கொள்வோம். மூன்று வாரம் அவகாசம். கூடவே போட்டி விதிகள் என்று ஆங்கிலத்தில் நாலு பக்கம்.

எங்கள் தெருவுக்கு எந்த ஆங்கிலக் காகிதம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். நான் பி.ஏ. ஆங்கிலம். எல்.ஐ.சி. காகிதமோ கோர்ட் நோட்டீஸோ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, இதுதான் விஷயம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். எவ்வளவு வேகமாகப் படிக்கிறேனோ அவ்வளவு படித்தவன் என்று தெரு நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா அந்த நாலு பக்கத்தையும் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதல் பக்கத்தைப் படித்தேன். மற்ற மூன்றையும் புரட்டினேன்.

"எல்லாம் வழக்கமான ரூல்ஸ்தான்க்கா. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. பேரு, போன் நம்பர் போட்டு அமுக்கணும். அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் இல்லியே தம்பி?"

"வேற ஒண்ணும் இல்லக்கா."

ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்றதும் அவர் முகத்தில் வந்த தெளிவு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்த வேலை. அவரைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரிலேயே யாரும் கிடையாது.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன், மகளின் போனை அவளிடமிருந்து எடுக்க அவருக்கு மனசில்லை. நான் புதுப் போன் வாங்கியிருந்ததால் பழையதைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அங்கன்வாடி வாசலில் வரிசை நிற்கிறது. உள்ளே குழந்தைகளின் குட்டி மேசை, அதன்மேல் என் பழைய போன், சுற்றிலும் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறார். பக்கத்தில் நோட்டு. வருகிறவர் பெயரையும் வீட்டையும் எழுதிக்கொண்டு, நோயைப் பற்றி இரண்டு நிமிஷம் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, பிறகுதான் திரைக்குள் அனுப்புகிறார். ஓட்டுப் போட்டு வெளியே வந்தால் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் நெயில்பாலிஷால் ஒரு நீலப் புள்ளி. அசல் பூத்தேதான். அதைப் பார்த்துத் தெருவே சிரித்தது, சிரித்துக்கொண்டே வந்து நின்றது.

முதல் ஓட்டு மகளுடையது. பூத்தைத் திறப்பதற்கு முன் அக்கா போனை அவள் இருட்டறைக்கே எடுத்துப்போனார். அவளே தன் பெயரைத் தட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளால் கையைத் தூக்க முடியவில்லை என்று கேள்வி.

நோயை அக்கா விளக்கிய விதம் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. துறைமுகத்தில் மீன் விற்கும் அஞ்சலை, கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, "இன்னாத்துக்கு ஓட்டு, எந்தக் கட்சிக்கு?" என்றாள்.

"கட்சி இல்ல. எம்பொண்ணுக்கு வந்துருக்குற வியாதிக்கு. உங்க வூட்ல பழைய போன் இருக்குதா?"

"இருக்குது. வுட்டெறியாம வச்சிருக்குறான் எம்மவன்."

"ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் ஒரு கோடுதான ஏறுது? ஒரு போன் பேசுனா அதுவும் எறங்கிடுதுல்ல?"

"ஆமா."

"எம்பொண்ணு ஒடம்பு அப்படி ஆயிடுச்சு. ராத்திரி பூரா தூங்குறா. காலையில ஒரு கோடுதான் இருக்குது. ஏன் ஏற மாட்டேங்குதுன்னு கண்டுபிடிக்கப் போறாங்க. அதுக்குத்தான் ஓட்டு."

அஞ்சலை திரைக்குள் போய் ஓட்டுப் போட்டாள். மறுநாள் தன் கூட மீன் விற்கும் பெண்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கு அவளே நோயை விளக்க ஆரம்பித்துவிட்டாள். தையல்கடை பாய், "டைம் ஜாஸ்தி ஆவுது டீச்சர், நானும் ஒரு மேசை போட்டுக்கவா?" என்று கேட்டார். பூத் என்றால் ஒன்றுதான் என்று அக்கா சொல்லிவிட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூத் சிதம்பரத்துக்கு வந்தது. முதலாளியிடம் கெஞ்சி, பூட்டியிருக்கும் எங்கள் கடையின் வாசலை வாங்கிக் கொடுத்தேன். மகளோடு படித்த பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் பளபளவென்று போன். அதில் ஒரு பையன் சொன்னான், "லிங்க் அனுப்பிடுங்க ஆன்ட்டி. நாங்க எங்க போன்லயே போட்டுக்குறோம். ஃப்ரெண்ட்ஸுக்கும் அனுப்பி வுட்டுடுறோம், அஞ்சு நிமிஷம்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அனுப்புனா நீ போட்டியா, போடலியா, யாருக்குப் போட்டன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? ஆளப் பாத்தாத்தான் கணக்கு. வரிசையில நில்லு கண்ணு, சீக்கிரம் வுட்டுடுறேன்."

பையன் என்னிடம் திரும்பினான். "நீங்களாவது சொல்லுங்கண்ணா."

"அக்கா கரெக்டாத்தான் சொல்றாங்க, வரிசையில நில்லுங்க" என்றேன். அதிகாரமாக வேறு சொன்னேன். அத்தனை பிள்ளைகளும் தங்கள் போனைப் பையில் போட்டுக்கொண்டு, மேலவீதி வெயிலில், என் பழைய போனுக்காக வரிசையில் நின்றார்கள். நகத்தில் புள்ளி வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். அக்காவின் மகள் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து விரலைத் தூக்கிக்காட்டி ஒரு படம். பிள்ளைகளுக்கு இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்து, பஸ்ஸில் திரும்பும்போது அக்கா பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. மகள் மறுபடி இந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள், அப்போது டிபனைப் பஸ்ஸிலேயே காலி செய்யாதே என்று நான் அதட்ட வேண்டும் என்றார்.

கடைசி வாரத்தில் இன்டர்நெட் பக்கத்தில் எங்கள் குழு இரண்டாம் இடத்துக்கு வந்து, பிறகு முதல் இடத்துக்கும் வந்தது. பிரவுசிங் சென்டர்காரர் ஒருவர் தானாகவே வந்து, "பேரும் நம்பரும் நானே போட்டு ஐந்நூறு ஓட்டு அடிச்சு வுடுறேன் டீச்சர், பத்திரமா ஜெயிச்சிடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"இல்லாத ஆளுங்க பேர்ல எம்பொண்ணு எழுந்து நடக்க வேணாம்" என்றார் அக்கா.

போட்டி முடிந்த அன்று அக்காவின் நோட்டில் எண்ணூற்று நாற்பத்தாறு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்த ஆள், வாயால் கேட்டுப் புரிந்துகொண்ட ஆள். இவ்வளவு சுத்தமான தேர்தல் எங்கள் மாவட்டத்தில் நடந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. அக்கா போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். போட்டி நடத்திய கம்பெனியிடமிருந்து ஆங்கிலத்தில் மெயில். அன்றைக்கு மட்டும் நான் மெதுவாகப் படித்தேன். ஓட்டுகளைச் சரிபார்த்தபோது ஒரே போனிலிருந்து எண்ணூற்றுக்கு மேல் ஓட்டுகள் விழுந்திருப்பது தெரியவந்தது. விதிகளின் மூன்றாம் பக்கத்தில் சொன்னபடி ஒரு போனுக்கு ஒரு ஓட்டுதான். ஆகவே முதலில் விழுந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டோம். எங்கள் குழு நாலாம் இடம்.

ஓட்டு எண்ணிக்கையும் போட்டிருந்தார்கள். ஜெயித்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் முந்நூற்றுச் சொச்சம். சொந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வரிசையில் நின்றவர்கள் அதைவிட ஜாஸ்தி இருப்பார்கள். நான் மூன்றாம் பக்கத்தைப் படித்திருந்தால் போதும். ஒரு பக்கம்.

"என்ன தம்பி போட்டுருக்கான்?"

"நம்ம ஓட்ட எடுத்துக்கலியாம்க்கா, ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டானாம். ஒரே போன்லேருந்து வந்ததால கள்ள ஓட்டுன்னு நெனச்சிட்டான்."

"அப்படி ஒரு ரூல் இருந்துச்சா?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் எண்ணூற்று நாற்பத்தாறு பேருக்கும் தெரிந்துவிடும்.

"கடைசி நேரத்துல மாத்திருப்பான்க்கா. கம்பெனிக்காரனுங்க அப்படித்தான்."

அக்கா போனை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டான்னியே. அது யாரோடது?"

மெயிலின் அடியில் பெயர் இருந்தது. அவர் மகளின் பெயர். காட்டினேன். போனை வாங்கி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அந்த வரிக்கு நேராகத் திரையில் விரலை வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவர் செய்த வேலை இன்னும் மோசமானது. நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெயர்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். கேட்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க ஓட்டு சேரலீங்க. நீங்க போட்டது எனக்குத் தெரியும். நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, பெயருக்கு நேராகப் பென்சிலில் டிக் போட்டுக்கொண்டார். முடிக்க இரண்டு மாதம் ஆனது. எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். அம்மாதான் முகத்தைக் காட்டினாள்.

அந்த வருஷக் கடைசியில் அக்கா ஊரை விட்டுப் போக முடிவு செய்தார். முதுநகரில் சத்தம் ஜாஸ்தி. பஸ் ஹாரன், ஸ்பீக்கர், துறைமுக லாரிகள். ஒவ்வொன்றும் மகளை ஒரு நாள் படுக்க வைத்தது. திட்டக்குடிப் பக்கம் அக்காவின் பிறந்த ஊரில், வயலுக்கு நடுவில் அண்ணன் கட்டிய வீடு ஒன்று காலியாக இருந்தது. வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தார். போவதற்கு நாலு நாள் முன்பு சிதம்பரத்தில் என் கடைக்கு வந்தார். கையில் கல்லூரி கொடுத்த ஒரு காகிதம். மகள் படிப்பை நிறுத்திக்கொள்கிறாள், சான்றிதழ்களைத் திருப்பித் தரவும் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய ஆங்கிலக் காகிதம். ஒரே பக்கம்தான்.

நான் வாங்கினேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு வாட்டி முழுசா படிச்சிடு தம்பி. கடசி வரி வரைக்கும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. விதிகள் அடங்கிய அந்த நாலு பக்கமும் அவர் வீட்டில்தான் இருந்தது. மகளுக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் என்றாலும், மூன்றாம் பக்கத்துக்கு வர அவளுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? அக்காவுக்கு மாதக்கணக்கில் தெரிந்திருக்கிறது. தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போனபோதும் சொல்லவில்லை. நான் கொல்லையில் ஒளிந்து நின்ற அன்றைக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை.

நான் அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இடையில் இரண்டு கஸ்டமர் வந்தார்கள், காத்திருக்கச் சொன்னேன். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு பையிலிருந்து என் பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையைத் துடைத்து வைத்திருந்தார்.

"எங்க ரெண்டு பேரையும் லிஸ்ட்லேருந்து நானே எடுத்துட்டேன் தம்பி. அங்க போயி சேத்துக்கணும். சித்தியப் பாத்துக்க."

சரிக்கா என்றேன். எனக்குச் சொல்ல இருந்தது ஒரே வாக்கியம், நான் படிக்காமல் சொல்லிவிட்டேன் அக்கா என்பது. அதைச் சொல்வதற்கு அதைவிடச் சரியான நேரத்தை யாரும் எனக்குச் செய்து கொடுத்திருக்க முடியாது. நான் சரிக்கா என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் என்னிடம் ஆங்கிலக் காகிதம் கொண்டுவருகிறவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று தெருவில் பேச்சு. இருக்கட்டும்.

யாருக்கும் தெரியாமல் இன்னொன்றும் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் வாக்காளர் பட்டியலை இன்டர்நெட்டில் வெளியிடும்போது, திட்டக்குடித் தொகுதிக்குப் போய், அக்காவின் ஊரைத் தேடி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வருவேன். நேரே தேடும் வழியும் இருக்கிறது, ஆனால் நான் வரி வரியாகத்தான் போவேன். ஒரு பயத்தோடுதான் போவேன். அந்த வீட்டு எண் வரும்போது விரலை வரியின் கீழே வைத்துக்கொள்வேன். முதலில் அக்காவின் பெயர். அதற்கு அடுத்து மகளின் பெயர், அப்பா பெயரோடு. இந்த முறையும் இரண்டும் இருந்தன. மகளுக்கு இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. எழுந்து உட்காருகிறாளா, வெளிச்சத்தில் கண் திறக்கிறாளா, அதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது.

பெயரைப் பார்த்த சந்தோஷம் அரைமணி நேரம் நிற்கும். பிறகு அக்காவின் குரல் கேட்கும், ஆளைப் பார்த்தால்தான் கணக்கு என்று. எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று, அவருடைய முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் வெளியே வந்ததும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அது சேரவில்லை.

கடலூரிலிருந்து திட்டக்குடிக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்திருக்கிறேன். விருத்தாசலத்தில் மாற வேண்டுமாம். கேட்டு வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.